கடலுக்கு என்ன நிறம்?



கோடை விடுமுறை வந்துவிட்டால் பங்குகள்தோறும் சிறுவர் முகாம்கள் நடைபெறுவதும், அவற்றில் ஓவியப் போட்டி ஒன்று இடம்பெறுவதும் வழக்கம். அப்போட்டிகளில் அடிக்கடி கொடுக்கப்படும் தலைப்பு "கடலுக்கு அடியில்" என்பதாகும். 12 வண்ணப் பென்சில்களும் ஒரு தாளும் இருந்தால் போதும். எந்தப் பிள்ளையும் ஒரு மணி நேரத்திற்குள் ஒரு கடலை உண்டாக்கிவிடும். அத்தகைய கடல்களை நூற்றுக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில் என் அனுபவம் ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அதில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுவதே முறை.

நான் ஓவியன் அல்லன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றேனே தவிர, தூரிகை பிடிக்க எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. என் கையில் வண்ணப் பென்சிலை வைத்தது 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம்.

அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து. கடலூர்க் கரையோரப் பங்கு ஒன்றில் துணைப் பங்குத்தந்தையாகப் பணியாற்றி வந்தேன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த நாளைப் பற்றி ஈண்டு விரித்துரைக்க நான் விரும்பவில்லை. அதனை நேரில் கண்டவர்கள் இவ்விதழின் வாசகர்களிலேயே பலர் உள்ளனர்.

வீடிழந்த குடும்பங்கள் ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தன. அரிசியும் பாயும் போர்வையும் வந்ததைப் போலவே, எங்கிருந்தோ ஒரு பெட்டி நிறைய வண்ணப் பென்சில்களும் வந்தன. பிள்ளைகளுக்கு அவற்றைப் பகிர்ந்து கொடுத்தோம். ஒரு வாரம் கழிந்தது. பென்சில் டப்பாக்களைத் திரும்ப வாங்கி எண்ணியபோது, ஏறக்குறைய எல்லா டப்பாக்களிலும் கருப்புப் பென்சில் மட்டும் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மஞ்சளும் சிவப்பும் கூர் மழுங்காமல் கிடந்தன. பிள்ளைகள் வரைந்த படங்களைப் பார்த்தேன். தாள் முழுவதும் அலை, கரிய அலை. எட்டு வயதுப் பையன் ஒருவன் தாள் கிழியும்வரை கருப்பைத் தேய்த்திருந்தான். "இது என்ன, தம்பி?" என்று கேட்டேன். "கடல்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தப் படங்களை ஒரு முதியவர் என் தோளருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகள் கட்டுமரத்தில் சென்று வந்தவர். பேரப் பிள்ளை ஒன்றை அந்த அலையில் இழந்தவர். "சாமி, இதுங்க மேல இருக்கிற தண்ணியத்தான் பாக்குதுங்க. அடியில என்ன இருக்குன்னு இதுங்களுக்குத் தெரியாது. அதைக் காட்டுங்க" என்றார்.

காட்டுவதற்கு எனக்கு மட்டும் என்ன தெரியும்? அன்று இரவு படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கடலின் அடியை நினைத்துப் பார்த்தேன். என் பள்ளிப் பருவத்துப் புத்தகத்தில் கண்ட ஒரு நீலப் படம் மட்டுமே நினைவுக்கு வந்தது. கடற்கரை மக்களுக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்த எனக்கு அவர்களுடைய கடலைப் பற்றித் தெரிந்தது அவ்வளவே.

ஆகவே கற்றுக்கொள்ளப் புறப்பட்டேன். நிலைமை சற்றுச் சீரடைந்த பிறகு ஒரு நாள் பரங்கிப்பேட்டைக்குச் சென்றேன். வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் மீன்களும் நண்டுகளும் சிப்பிகளும் கண்ணாடிக் குடுவைகளில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒரு குறிப்பேட்டில் அவற்றின் வடிவங்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டேன். ஆனால், வடிவம் கிடைத்ததே தவிர நிறம் கிடைக்கவில்லை. பதப்படுத்தும் திரவத்தில் நெடுநாள் இருந்தால் மீனின் நிறம் வெளுத்துப் போய்விடுகிறது. நிறத்தைக் காணக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்திற்கு விடியற்காலையில் செல்ல வேண்டியிருந்தது.

அங்குதான் மீன்களை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன் எனலாம். கானாங்கெளுத்தியின் முதுகு பச்சையோடிய நீலம், அதன்மேல் கரிய கோடுகள், வயிறோ வெள்ளி. திருக்கையின் மேற்புறம் பழுப்பு, அடிப்புறம் வெண்மை. மத்தி, மடவை, கொடுவா என்று எதை எடுத்தாலும் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்கக் கண்டேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு மீனின் கருத்த முதுகு ஆழத்து இருளோடு ஒன்றிவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு அதன் வெளுத்த வயிறு மேலேயுள்ள ஒளியோடு ஒன்றிவிடும். இவ்வாறு படைப்பு ஒவ்வொரு சிறு மீனுக்கும் இரு பக்கத்தும் ஒரு மறைவிடம் அமைத்துத் தந்திருக்கிறது.

ஒளியைப் பற்றியும் அறிந்துகொண்டேன். சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன. அந்த ஒளி நீருக்குள் இறங்க இறங்க நிறங்கள் ஒவ்வொன்றாக உறிஞ்சப்படுகின்றன. முதலில் விடைபெறுவது சிவப்பு. தெளிந்த கடலில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்திற்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடும். அடுத்து ஆரஞ்சு, பின்னர் மஞ்சள். நெடுந்தூரம் இறங்கிச் செல்வது நீலம். 200 மீட்டருக்குக் கீழே செடிகொடிகள் வாழப் போதிய வெளிச்சம் இல்லை. 1000 மீட்டருக்குக் கீழே பகலவனின் ஒளி அறவே இல்லை. ஆதலால் கரையில் செக்கச் செவேலென்று தெரியும் மீன், ஆழத்தில் கருப்பாகவே தெரியும்.

கற்றதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினேன். உங்கள் இல்லங்களிலும் பயன்படக்கூடும் என்பதால் அம்முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலில் மை தீர்ந்த பேனா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் தாளின்மேல் சற்று அழுத்தி, சொறி மீனின் நூல்களையும், பாசியின் நரம்புகளையும், மேலிருந்து சாய்ந்து விழும் ஒளிக் கற்றைகளையும் கீறிவிடுங்கள். அப்போது தாளில் ஒன்றும் தெரியாது. பின்னர் அதன்மேல் வண்ணப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால், கீறல்கள் மட்டும் வெள்ளைக் கோடுகளாக எழுந்து நிற்கும். இதைக் கண்டு மகிழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அடுத்து, நீர். ஒரேயடியாக அழுத்தித் தேய்க்கக் கூடாது. வண்ணப் பென்சிலில் மெழுகு கலந்திருப்பதால், அழுத்தினால் தாள் வழுவழுப்பாகி, அடுத்த நிறம் ஒட்டாமல் வழுக்கும். மென்மையாக மூன்று நான்கு முறை அடுக்கடுக்காகத் தேய்க்க வேண்டும். தாளின் மேல் விளிம்பை வெண்மையாக விட்டு, அதன் கீழே மஞ்சள், அந்த மஞ்சளின்மேல் மெல்லிய நீலம் என்று ஏற்றினால் பச்சை தானே பிறக்கும். கீழே செல்லச் செல்ல நீலம் அடர வேண்டும். இருள் வேண்டுமென்றால் கருப்பைத் தேடாதீர்கள்; நீலத்தின்மேல் பழுப்போ ஊதாவோ ஏற்றினால் ஆழ்ந்த இருள் கிடைக்கும். தொலைவில் உள்ள மீன்கள் சிறியனவாகவும் வெளிறியும் இருக்கட்டும். அருகில் உள்ளவை தெளிவாக இருக்கட்டும். வயிற்றுக்கு வண்ணமே வேண்டாம். தாளின் வெண்மையே போதும். கருப்புப் பென்சிலை மீனின் கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணிலும் ஒரு புள்ளியை வெள்ளையாக விட்டுவிட்டால் மீன் உயிர்பெற்றுவிடும்.

அந்த எட்டு வயதுப் பையன் பல வாரங்கள் என் அருகே வரவில்லை. பிறகு ஒரு நாள் மை தீர்ந்த பேனா விளையாட்டைப் பார்க்க வந்தான். தன் கருப்பு அலைக்குக் கீழே, தாளின் அடியில் எஞ்சியிருந்த நாலு விரல் இடத்தில் ஒரு மீனை வரைந்தான். மறுவாரம் மூன்று மீன்கள். அலை சிறிது சிறிதாக மேலே ஏறி, கடைசியில் ஒரு கோடாயிற்று. அவனது துயரம் பென்சிலால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மீண்டும் அவன் கடலில் கால் நனைக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. ஆயினும் அந்த மீன்கள் அவனுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டன என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஆண்டுகள் பல சென்றன. நான் பங்குத்தந்தையாகிச் சிதம்பரத்தை அடுத்த ஒரு பங்கிற்கு மாற்றலாகி வந்தேன். "கடல் படம் போடச் சொல்லித் தரும் சாமியார்" என்ற பெயர் எனக்கு முன்னதாகவே அங்கு வந்து சேர்ந்திருந்தது. அப்பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2018ஆம் ஆண்டு மே மாதம் சிறுவர் முகாம் நடத்தினோம். தலைப்பு, வழக்கம்போல, "நீருக்கு அடியில்". ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள் கலந்துகொண்டனர். அவர்களுள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பள்ளித் தோழியோடு வந்திருந்தாள். பிச்சாவரத்தை ஒட்டிய இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள்.

படங்களைப் பார்வையிட்டேன். நீலக் கடல், பவளப் பாறை, எட்டுக்கால் விரித்த கணவாய், துள்ளும் ஓங்கில் என்று எல்லாம் அழகாகவே இருந்தன. நான் கற்பித்தபடி அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றியிருந்தார்கள். அச்சிறுமியின் தாளில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. ஒரு மீன்கூட இல்லை. ஒரு ஓரத்தில் குத்துக்குத்தாகக் குச்சிகள் நின்றன. நடுவில் இரண்டு கைகள். விரல்கள் விரிந்த நிலையில். அவ்வளவே. "முடிக்கப்படாத படம்" என்று சொல்லி அதை ஒதுக்கி வைத்தேன். பவளப் பாறை வரைந்த பையனுக்கு முதற்பரிசு வழங்கினேன்.

மாலையில் அச்சிறுமியை அழைத்துச் செல்ல அவள் தாய் வந்தார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏதோ ஆறுதல் கூற வேண்டுமே என்று, "அடுத்த முறை மீனும் போடு, பாப்பா. மீன் இல்லாமல் தண்ணீர் உண்டா?" என்றேன்.

"மீனு இருக்கு சாமி. கண்ணுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்" என்றாள் அவள்.

"இவை யாருடைய கைகள்?"

"எங்க அம்மா கை."

அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. தம் கைகளை மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். நண்டு கவ்விய தழும்புகளும், சிப்பி கிழித்த கீறல்களும், நாள்தோறும் உப்பு நீரில் ஊறி வெளுத்த விரல் நுனிகளும் அந்தக் கைகளில் இருந்தன. தாளில் இருந்த கைகளிலும் அந்தக் கீறல்கள் ஒன்று விடாமல் வரையப்பட்டிருந்தன. மை தீர்ந்த பேனாவினால் கீறி, அதன்மேல் பழுப்பைத் தேய்த்து, தாயின் காயங்களை வெள்ளைக் கோடுகளாக எழுப்பியிருந்தாள். நான் கற்பித்த அந்த ஒரு வித்தையை அன்று பொருளோடு பயன்படுத்திய பிள்ளை அவள் ஒருத்தியே. அதை நான் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அவர்கள் சம்மதத்தோடு பிச்சாவரம் சென்றேன். சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பரந்து கிடக்கும் அந்தச் சுரபுன்னைக் காட்டைச் சுற்றுலாப் பயணியாகப் படகிலிருந்து முன்பே பார்த்திருக்கிறேன். இம்முறை கரையில் நின்று பார்த்தேன். வலையும் படகும் இல்லாத இருளர் குடும்பங்கள் கழுத்தளவு நீரில் குந்தியபடியே நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலையும் நண்டையும் பிடிக்கின்றன. பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையால் முடைந்த பறி. கைகள் இரண்டும் நீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். கெளுத்தி முள் குத்தினாலும் வாய் திறந்து கத்த முடியாது. திறந்தால் அன்றைய கூலி ஆற்றோடு போய்விடும்.

நானும் கையை நீருக்குள் விட்டேன். மணிக்கட்டுக்குக் கீழே என் கையே எனக்குத் தெரியவில்லை. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், வேர்களிடையே மக்கும் இலைகளும் கலந்த அந்த நீர் பழுப்பாகத்தான் இருந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி உள்ளவை போன்ற பவளப் பாறைகளுக்குத் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் நம் கரையோரத்தில் அவற்றைத் தேடுவது வீண். ஆனால் அந்த வண்டலில்தான் இறால் வளர்கிறது. மீன் குஞ்சுகள் அடைக்கலம் புகுகின்றன. படத்தில் இருந்த குச்சிகளும் எனக்கு அப்போது விளங்கின. கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் அவை. சேற்றில் காற்று இல்லாததால், வேர்கள் மேல் நோக்கி முளைத்து வெளிக்காற்றைச் சுவாசிக்கின்றன. நீர் வடிந்த சேற்றில் அவை ஆயிரக்கணக்கில், கூர் சீவிய பென்சில்களை நட்டு வைத்ததுபோல் நின்றன.

அச்சிறுமி எதையும் விட்டுவிடவில்லை. அவள் வரைந்தது முடிந்த படம். என் பார்வைதான் முடியாமல் இருந்தது. அன்று கடலூரில் அந்த முதியவர் என்னை அனுப்பியது அடியில் உள்ளதைக் காணத்தான். நானோ சில ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு வேறொரு கடலை, எவரோ எங்கோ அச்சிட்ட கடலைக் கற்பிப்பவனாக மாறியிருந்தேன். அந்த அச்சுக் கடலில் ஒரு தாயின் கைகளுக்கு இடமில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் முகாமில் கலந்துகொண்ட பிள்ளைகளைக் கூட்டி, நான் படத்தைச் சரியாகப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று கூறினேன். கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கவில்லை; அந்தப் பையன் மீது குற்றம் ஒன்றுமில்லையே. அச்சிறுமியிடம், "உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டேன். சிறிது யோசித்து, "பழுப்புப் பென்சில் தீந்துபோச்சு" என்றாள்.

மறுநாள் சிதம்பரம் மேல வீதியில் ஒரு கடைக்குச் சென்று பழுப்புப் பென்சில் மட்டும் ஆறு கேட்டேன். தனியாக விற்பதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஆறு டப்பாக்களை வாங்கி, ஆறு பழுப்புப் பென்சில்களை எடுத்துக்கொண்டேன். மீதி 66 பென்சில்களும் மறைக்கல்வி வகுப்புக்குப் போயின. "சாமியாருக்கு எதற்கு இவ்வளவு பழுப்பு?" என்று கோயில் பிள்ளை கேட்டது வேறு கதை.

பெற்றோர்களே, இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளையும் ஒரு கடலை வரைந்து கொண்டுவந்து காட்டலாம். ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். "நன்றாக இருக்கிறது" என்றோ, "தண்ணீர் நீலமாக அல்லவா இருக்க வேண்டும்?" என்றோ உடனே சொல்லிவிடாதீர்கள். "இது என்ன?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். தேய்ந்துபோன பென்சில் எந்த நிறம் என்று டப்பாவைத் திறந்து பாருங்கள். பிள்ளை வாயால் சொல்லாத ஒரு செய்தி அங்கே இருக்கக்கூடும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுத் தொழிலுக்குச் செல்லும் தந்தையர் வீட்டில் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். தாங்கள் கண்ட கடலை அவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லலாமே. அதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

அந்தப் படத்தை அவளிடம் கேட்டு வாங்கிக் கண்ணாடியிட்டுப் பங்கு மன்றத்தின் சுவரில் மாட்டினேன். அவள் இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் தாய் இன்றும் அதே நீரில் இறங்குகிறார். படம் மாட்டிய புதிதில் ஒரு முறை அவரை அழைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்து, கண்ணாடியின்மேல், அந்தக் கைகளுக்கு நேராக வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.